குழந்தைக்கு ஒரு இருக்கை: எல்லா வண்டிக்கும் பொருந்துமா?



பிரசவம் முடிந்து தாயும் சேயும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாள். மாமன் கார் கொண்டு வந்திருக்கிறார். தாயைப் பின் சீட்டில் உட்கார வைத்து, பச்சைப் பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் கொடுக்கிறார்கள். "பாத்து, மெதுவா ஓட்டுப்பா" என்கிறார் பாட்டி. குழந்தைக்குச் செய்த பாதுகாப்பு அதோடு முடிந்தது. கார் ஊரைத் தாண்டி செங்கம் சாலையில் வருகிறது. ரமணாசிரமத்து வாசலில் எப்போதும் போல ஆட்டோக்கள், கிரிவலம் போகிறவர்கள், சாலையோரம் மாடு. ஒரு ஆட்டோ திடீரென்று திரும்புகிறது. ஓட்டுகிறவர் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறார். தாயின் கை குழந்தையை இறுக்கிக்கொள்கிறது. அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனது நல்ல காலம்தான். கையின் பலம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஏன் அப்படிச் சொல்கிறோம்? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதன் மீதாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருப்பவருக்கு விழும் அடி சுமார் 20 அடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். மாடி வீட்டின் மொட்டை மாடியை நினைத்துப் பாருங்கள். அந்த நொடியில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 100 கிலோவுக்கு மேல் தூக்கும் பலம் வேண்டும். ஒரு நெல் மூட்டையை விட அதிகம். எந்தத் தாயின் கைக்கும், எந்தத் தகப்பனின் கைக்கும் அது முடியாது. பாசம் குறைந்ததால் அல்ல, கணக்கு அப்படி. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. பெல்ட் போடாத தாய் முன்னால் வீசப்பட்டால், அவர் உடம்பின் பாரம் முழுவதும் மடியில் இருக்கும் குழந்தையின் மேல் விழுகிறது. தாயும் குழந்தையும் ஒரே பெல்ட்டுக்குள் இருந்தாலும் இதே கதிதான்.

பின் சீட்டில் இருந்தால் பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் மோதியது. முன் சீட்டில் இருந்த இருவரும் காயங்களோடு உயிர் பிழைத்தார்கள். பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். விலை உயர்ந்த கார் அது. நம் பக்கத்திலும் 2023 அக்டோபரில் ஒரே மாதத்திற்குள் செங்கம் அருகே இரண்டு பெரிய விபத்துகள் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

குழந்தைக்கென்று தனி இருக்கை உண்டு. காரின் சீட்டில் அதை வைத்து, காரின் பெல்ட்டாலேயே இறுக்கிக் கட்டி, குழந்தையை அதிலுள்ள வார்களுக்குள் உட்கார வைப்பது. ரமணாசிரமம் பக்கம் தங்கும் வெளிநாட்டுத் தம்பதிகள் சிலர் வாடகைக் காரிலும் இதைக் கையோடு கொண்டுவந்து மாட்டுவதை நம் டிரைவர்கள் பார்த்திருப்பார்கள். அமெரிக்க நாட்டுக் கணக்குப்படி, சரியாக மாட்டிய இருக்கை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணத்தை நூற்றுக்கு 71 அளவுக்கும், ஒன்று முதல் நான்கு வயது வரை நூற்றுக்கு 54 அளவுக்கும் குறைக்கிறது. நம் நாட்டிலும் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஓட்டுகிறவருக்கு 1000 ரூபாய் அபராதம் என்கிறது.

"நம்மகிட்ட ஏதுங்க கார்?"

இந்தக் கேள்விதான் எங்கும் வருகிறது. நியாயமான கேள்வி. ஒரு வீட்டில் நடந்த பேச்சைக் கேளுங்கள்.

"ஏங்க, புள்ளைக்கு அந்த சீட்டு ஒண்ணு வாங்கலாமா?"

"நம்மகிட்ட இருக்கிறது ஒரு பைக்கு. உங்க அண்ணன் கார்ல ஒரு நாள் போறோம், எங்க மாமா ஜீப்புல ஒரு நாள், தடுப்பூசிக்கு டாக்சி, சந்தைக்கு ஷேர் ஆட்டோ. எதுலன்னு மாட்றது?"

மாமியார் நடுவில் சொல்கிறார்: "நீங்கள்லாம் மடியிலயே வளந்த புள்ளைங்கதானே!"

மாமியார் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தக் காலத்து வண்டி மாட்டு வண்டி. மிஞ்சிப்போனால் டவுன் பஸ். இன்றைக்குக் கிருஷ்ணகிரி சாலையில் 80-லும் 100-லும் அல்லவா பறக்கிறார்கள்! கணவர் கேட்டதற்குத்தான் நேரான பதில் வேண்டும். பல வண்டிகளில் ஏறும் குடும்பம், சீட்டைக் கடையில் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முதலில் வண்டிகளைப் பார்க்க வேண்டும். தூளி கட்டும்போது நல்ல புடவையைத் தேடுவதற்கு முன்னால் உத்திரத்தை இழுத்துப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தை ஏறக்கூடிய வண்டிகளை எல்லாம் ஒரு சுற்று பார்த்து வாருங்கள். கையில் ஒரு இஞ்ச் டேப் போதும். பின் சீட்டில் பெல்ட் இருக்கிறதா? இருந்தால் இடுப்பை மட்டும் சுற்றுகிறதா, தோள் வழியாகவும் வருகிறதா? பெரும்பாலான குழந்தை இருக்கைகளுக்குத் தோள் வழியாக வரும் மூன்று முனைப் பெல்ட்தான் வேண்டும். பழைய கார்கள் சிலவற்றில் பின்னால் இடுப்புப் பெல்ட் மட்டும் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. புதிய கார்களிலும் நடு இடத்தில் இடுப்புப் பெல்ட் மட்டும் இருப்பதுண்டு. டாக்சிகளில் இன்னொரு வேடிக்கை. பெல்ட் இருக்கும், அதை மாட்டும் பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். "பெல்ட் இல்லீங்க" என்பார் டிரைவர். "அண்ணே, கவரைக் கொஞ்சம் தூக்குங்க" என்று கேளுங்கள். பல நேரம் உள்ளே புத்தம் புதிதாக இருக்கும்.

பெல்ட்டை முழுவதும் இழுத்து நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னோக்கி வைக்கும் இருக்கையைப் பெல்ட் சுற்றி வர வேண்டியிருப்பதால், சில சிறிய கார்களில் நீளம் போதாது. முன் சீட்டின் முதுகுக்கும் பின் சீட்டின் முதுகுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்றும் அளக்க வேண்டும். ஓட்டுகிறவர் உயரமான ஆளாக இருந்தால் அவர் சீட்டுக்குப் பின்னால் இடம் இருக்காது. இடது பக்கம் பாருங்கள். குழந்தையை இறக்குவதும் சாலையோரமாக அந்தப் பக்கத்தில்தான் நல்லது.

மாமாவின் ஜீப்பில் பின்னால் எதிரும் புதிருமாக உட்காரும் பக்கவாட்டுப் பலகைகள் இருந்தால், அங்கே எந்தக் குழந்தை இருக்கையையும் வைக்கக் கூடாது. முன்னோக்கிய நடு வரிசையில் மட்டும் வைக்கலாம். அங்கேயும் பெல்ட் இல்லையென்றால் அந்த வண்டி குழந்தைக்கு ஆகாது என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். மாமா இரண்டு நாள் கோபித்துக்கொள்வார், பிறகு சரியாகிவிடும்.

எந்த மாதிரி வாங்குவது?

கடைக்குப் போனாலும் போனில் வரவழைத்தாலும் இரண்டு மாதிரிகளைச் சொல்வார்கள். ஒன்று, கார் சீட்டின் இடுக்கில் உள்ள இரும்பு வளையத்தில் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும் ஐசோஃபிக்ஸ் மாதிரி. மாட்டுவது சுலபம், தவறு நேர்வது குறைவு. ஆனால் வளையம் உள்ள காரில் மட்டும்தான் மாட்டும். அண்ணன் காரில் இருக்கும், டாக்சியில் இருக்குமா என்பது உங்கள் அதிர்ஷ்டம். மற்றொன்று, பெல்ட்டால் கட்டும் மாதிரி. மூன்று முனைப் பெல்ட் உள்ள பெரும்பாலான வண்டிகளில் இதைக் கட்டிவிடலாம். நாலு வண்டியில் மாறி மாறிப் போகிற குடும்பத்துக்கு எங்கள் யோசனை பெல்ட்டால் கட்டும் மாதிரிதான். இரண்டு வகையிலும் மாட்டக்கூடியதும் கிடைக்கிறது, விலை கூடுதல், பாரமும் கூடுதல். பாரத்தையும் எண்ணிப் பாருங்கள். வண்டிக்கு வண்டி தூக்கப்போவது நீங்கள்தான். பத்து கிலோ சீட்டென்றால் நாலாவது முறை "இன்னிக்கு வேணாம், விடு" என்று தோன்றும். வீட்டில் கிடக்கும் சீட்டு யாரையும் காப்பாற்றாது.

பிறந்தது முதல் 18 கிலோ வரை, அதாவது ஏறக்குறைய நான்கு வயது வரை பயன்படும் மாதிரி ஒன்று உண்டு. முதலில் பின்னோக்கி வைத்து, பிறகு முன்னோக்கித் திருப்பிக்கொள்ளலாம். ஒரே ஒரு முறைதான் வாங்க முடியும் என்கிற குடும்பத்துக்கு இதுவே ஏற்றது. கைப்பிடியுள்ள கூடை மாதிரி 13 கிலோவோடு நின்றுவிடும். சீட்டில் ஒட்டியிருக்கும் சீட்டியையும் பாருங்கள். ஏ.ஐ.எஸ். 072 என்ற நம் நாட்டுத் தர எண்ணோ, ஆர் 44 அல்லது ஆர் 129 என்ற ஐரோப்பிய எண்ணோ இருக்க வேண்டும். ஆர் 44 சீட்டியில் 'யுனிவர்சல்' என்று இருந்தால் பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும் என்று அர்த்தம். எந்த எண்ணும் இல்லாமல், பார்க்க அழகாக, மெத்தென்று, மலிவாக வருவது வெறும் மெத்தை. அது வேண்டாம்.

அக்காள் வீட்டுப் பழைய சீட்டை வாங்கிக்கொள்ளலாமா? தாராளமாக, அது விபத்தில் சிக்கியதில்லை என்று தெரிந்தால். பின்புறம் தயாரித்த தேதி இருக்கும், எத்தனை வருடம் தாங்கும் என்பதும் இருக்கும். முன்பின் தெரியாதவரிடம் பழையது வாங்காதீர்கள். உள்ளே விட்ட கீறல் வெளியே தெரியாது.

மாட்டும் விதம்

கைக்குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்க வேண்டும். பச்சைக் குழந்தைக்கு உடம்பில் கால் பங்கு தலைதான், கழுத்தோ இளந்தண்டு. முன்னோக்கி உட்கார்ந்திருந்தால் மோதலில் தலை முன்னால் வீசிக் கழுத்து அறும். பின்னோக்கி இருந்தால் முதுகு முழுவதும் சேர்ந்து அடியைத் தாங்கிக்கொள்ளும். குறைந்தது 15 மாதம் வரை இப்படியே. அதற்குப் பிறகும் சீட்டு இடம் கொடுக்கும் வரை இப்படியே இருக்கட்டும். கால் மடங்குகிறதே என்று பாட்டி வருத்தப்படுவார். மடங்கட்டும், அதனால் கெடுதலில்லை. ஏர்பேக் உள்ள முன் சீட்டில் மட்டும் பின்னோக்கிய இருக்கையை வைக்கவே கூடாது. அந்தப் பை வெடித்து விரியும் வேகம் குழந்தையைக் கொன்றுவிடும்.

பெல்ட்டைக் கட்டும்போது இருக்கையில் முழங்காலை ஊன்றி, உங்கள் பாரத்தைப் போட்டு, தொய்வை இழுத்து எடுங்கள். பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் அசைந்தால் இறுக்கம் போதாது. சில கார்களில் பக்கிளின் தண்டு நீளமாக இருந்து இருக்கையின் விளிம்பில் இடிக்கும். அங்கே எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. இடம் மாற்றிப் பாருங்கள், அப்போதும் இடித்தால் அந்தக் காருக்கு அந்த சீட்டு சேராது. இதைப் பணம் கொடுத்த பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்கி, எல்லா வண்டியிலும் ஒரு முறை மாட்டிப் பார்த்த பிறகு அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடுங்கள். கணவர் மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. டாக்சியில் தடுப்பூசிக்குப் போவது பெரும்பாலும் தாய்தானே?

குழந்தையின் வார்களும் இறுக்கமாக இருக்க வேண்டும். தோள் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், கிள்ள வந்தால் தொய்வு. பின்னோக்கி இருக்கையில் வார் தோளுக்குச் சமமாக அல்லது சற்றுக் கீழே, முன்னோக்கி இருக்கையில் சமமாக அல்லது சற்று மேலே இருந்து வர வேண்டும். கனத்த துணியில் சுற்றி வாருக்குள் வைக்காதீர்கள். வாரை மாட்டிவிட்டு மேலே போர்த்துங்கள்.

பைக்கும் ஆட்டோவும்

உண்மையில் நம் பிள்ளைகள் அதிகம் போவது பைக்கில்தான். பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைப்பதை தினமும் பார்க்கிறோம். இதற்கும் மத்திய அரசு 2022 பிப்ரவரி 15-ல் விதி வெளியிட்டது, 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறை. 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வார் வேண்டும், 30 கிலோ தாங்க வேண்டும். குழந்தையின் தலைக்குப் பொருந்தும் சொந்த ஹெல்மெட் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தையை பைக்கில் ஏற்றவே வேண்டாம் என்பது எங்கள் வேண்டுகோள். கையில் பணம் குறைவாக இருந்து, மாதம் ஒரு முறை கார், தினமும் பைக் என்றால், முதலில் வாரும் ஹெல்மெட்டும் வாங்குங்கள். கார் சீட்டு அடுத்தது.

ஷேர் ஆட்டோவில் இருக்கையைக் கட்ட எதுவும் இல்லை. சும்மா வைத்தால் அதுவே உருண்டு அடிக்கும். பௌர்ணமியன்றும் தீபத்தன்றும் கார்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆட்டோ ஏற வேண்டியிருக்கும். அன்றைக்கு முடிந்தால் பஸ்ஸில் வாருங்கள், ஆட்டோதான் என்றால் குழந்தையோடு நடுவில் உட்காருங்கள், ஓரத்தில் வேண்டாம்.

பிள்ளை 18 கிலோவைத் தாண்டியதும் இந்த இருக்கை போதாது. உயர்த்தி உட்கார வைக்கும் பலகை இருக்கை வேண்டும். காரின் பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளிலும், வயிற்றில் ஏறாமல் இடுப்பு எலும்பிலும் படிவதற்காக அது. ஏறக்குறைய நான்கே முக்கால் அடி உயரம் வரும் வரை தேவைப்படும்.

கடைசியாக ஒன்று. சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் இருக்கையின் பக்கிளும் கொக்கியும் கொதிக்கும். உட்கார வைக்கும் முன் உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், நிறுத்தும்போது ஒரு வெள்ளைத் துணியை மேலே போட்டு வையுங்கள். தூங்குகிறதே என்று குழந்தையை இருக்கையோடு பூட்டிய காரில் விட்டுவிட்டு, ஐந்து நிமிடம்கூட கடைக்குப் போகாதீர்கள்.