மழைநாளில் நெருப்பு

ஓர் ஐப்பசியில் உறவினர்களுடன் பூம்புகார் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். மணலில் மூன்று செங்கற்களை வைத்து அடுப்புக் கூட்டித் தேநீர் வைப்பதாக எண்ணம். காலையில் பெய்த மழையில் சவுக்குச் சுள்ளிகள் நனைந்து கிடந்தன, கடற்காற்றும் ஓயவில்லை. என் மச்சான் ஒரு தீப்பெட்டியில் பாதிக்கு மேல் உரசித் தீர்த்துவிட்டார். குழந்தைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அருகில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். காய்ந்த தேங்காய் மட்டை ஒன்றைப் பிளந்து, உள்நாரைப் பிய்த்துக் குருவிக்கூடுபோல் சுருட்டினார். காற்றுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து ஒரே குச்சியை உரசினார். நார் பற்றிக்கொண்டது. "குச்சியிலே குத்தமில்லே தம்பி, அது தின்ன ஒண்ணும் வைக்கலியே நீங்க" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினார்.

உல்லாசப் பயணத்தில் இது சிரிப்போடு போயிற்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையேறியபோது நிலைமை வேறு. மின்சாரமின்றிப் பல நாள்களைக் கழித்த டெல்டா கிராமங்கள் ஏராளம். எங்கு நோக்கினும் தென்னை சாய்ந்து கிடந்தது. ஆனால் அது பச்சை மரம், எளிதில் எரியாது. பச்சிளங் குழந்தை உள்ள வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். அந்த வேளையில் ஒரு சிறு சுடர் எவ்வளவு பெரிய செல்வம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

நெருப்பைப் பயணிகளுக்குப் பயன் தரும் பொருளாக அல்லாஹ் குறிப்பிடுவதை அல்வாகிஆ அத்தியாயத்தில் ஓதியிருப்பீர்கள். மர்க், அஃபார் என்னும் இரு மரங்களின் கொம்புகளை உரசி அரபியர் நெருப்பு எடுத்ததை விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். நம் முன்னோரும் தீக்கடைக்கோல் கொண்டு இவ்வாறே செய்தனர். சங்க நூல்கள் அதை ஞெலிகோல் என்கின்றன. ஆயினும், கோல் நன்கு உலர்ந்திருக்க வேண்டும், கை பழகியிருக்க வேண்டும். கார்த்திகை மழையில் அதை நம்பி இறங்காதீர்கள். சிக்கிமுக்கிக் கல்லும் எஃகுத் துண்டும் வைத்திருந்தோர் அவற்றோடு இலவம்பஞ்சையோ கருக்கிய துணியையோ சேர்த்தே மடியில் முடிந்துகொண்டார்கள். கல் தருவது பொறி மட்டுமே என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

தீப்பெட்டியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1922-இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்த தொழில்தான் சிவகாசியை வளர்த்தது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரசும் உள்ளன. இரண்டும் உரசினால்தான் தீ. எனவே குச்சி உலர்ந்திருந்து பெட்டி நனைந்தாலும் பயனில்லை. பெட்டியை அப்படியே இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள். குச்சித் தலைகளை உருகிய மெழுகில் ஒருமுறை தோய்த்து எடுத்தால் ஈரம் ஏறாது. உரசுமுன் மெழுகை நகத்தால் சுரண்டிவிட வேண்டும்.

அடுப்படியில் இருக்கும் கேஸ் லைட்டர் எரிவாயுவை மட்டுமே பற்றவைக்கும். அதன் பொறி நாரையோ சருகையோ பற்றாது. இதை அறியாமல் அதை மட்டும் பையில் போட்டுச் செல்வோர் உண்டு. பீடி, சிகரெட்டுக்கான லைட்டர் உதவும். நனைந்தாலும் துடைத்து உலர்த்தினால் எரியும். முகாம்களுக்குச் செல்வோர் இப்போது வாங்கும் உரசுகோல் இரும்பும் சீரியமும் கலந்த உலோகம். ஆஸ்திரிய வேதியியலாளர் அவுயர் 1903-இல் காப்புரிமை பெற்றது. லைட்டருக்குள் இருக்கும் சிறு 'கல்'லும் இதுவே. தண்ணீரில் விழுந்தாலும் துடைத்துவிட்டுக் கத்தியின் முதுகால் அழுத்தி இழுத்தால் பொறி கொட்டும். ஆனால் அப்பொறி ஒரு நொடியும் நில்லாது. வீட்டில் பத்து முறையேனும் பழகாமல் அதை நம்பிப் புறப்படுவது வீண்.

என்னைக் கேட்டால், இரண்டு தீப்பெட்டி, ஒரு லைட்டர், வாசலின் தடவிய பஞ்சு உருண்டைகள் கொஞ்சம் இருந்தால் நம் கடற்கரைக்குப் போதும். அந்தப் பஞ்சு சில நிமிடங்கள் நின்று எரியும். அதற்குள் தென்னம் பன்னாடை, பிறகு விரல் பருமன் சுள்ளி, பிறகு கொட்டாங்கச்சி என ஏற்றிச் செல்லலாம். நனைந்த விறகைப் பிளந்தால் உட்புறம் பெரும்பாலும் உலர்ந்திருக்கும். ஈர மண்ணின் மேல் நேரே மூட்டாமல் ஓட்டுத் துண்டுகளையோ செங்கல்லையோ பரப்பிக்கொள்ளுங்கள். மங்கும் தணலில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றாதீர்கள். முகத்தைப் பொசுக்கிக்கொண்டவர் பலர்.

மலைப்பக்கம் செல்வோருக்கு வேறு எச்சரிக்கை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோடையில் காய்ந்த புல் அவ்வளவு விரைவாக எரியும். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றமும் ஆகும். நம் கரையோரத்திலும் சவுக்குத் தோப்புக்குள் வேண்டாம். உதிர்ந்த சருகு மெத்தைபோல் கிடக்கும்.

புயல் இரவில் குளிருக்காகக் கரித்தணலை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவோர் உண்டு. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை; உறங்குபவர் எழாமலே போகலாம். உறங்கச் செல்லும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்காதீர்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது.

அன்று தேநீர் குடித்து முடித்ததும் மச்சான் தணலின் மேல் காலால் மணலைத் தள்ளினார். அந்தப் பெரியவர் தூரத்திலிருந்தே கை அசைத்துத் தடுத்தார். மணல் மூடிய தணல் நெடுநேரம் கனன்றுகொண்டே இருக்குமாம். மறுநாள் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைகள் அதைக் காணமாட்டார்கள். நான்கு வாளி கடல்நீர் ஊற்றி, கிளறி, கையை வைத்துப் பார்த்த பிறகே கிளம்பினோம்.