‘டப்’... அவ்வளவுதானா?

‘டுமீல்’ எல்லாம் சினிமாவில்தான் பாஸ். நிஜத்தில் நான் முதன்முதலாகச் சுட்ட துப்பாக்கி ‘டப்’ என்றது. அவ்வளவுதான்!

என்.சி.சி. கேம்ப். ஃபயரிங் ரேஞ்சில் குப்புறப் படுத்திருக்கிறேன். கையில் பாயின்ட் டூ டூ ரைஃபிள். 25 மீட்டர் தள்ளி டார்கெட். காதில் பஞ்சு. நெஞ்சு மட்டும் ‘தடதட’. முதல் ரவுண்டைச் சுட்டேன்... லட்சுமி வெடி அளவுக்குக்கூட சத்தம் வரலையே என்று தோன்றியது. போல்ட்டை இழுத்து அடுத்த ரவுண்டை ஏற்றிவிட்டு, “இதுக்குத்தானா இவ்ளோ பில்டப்பு?” என்று சிரித்தபடி பக்கத்தில் படுத்திருந்த நண்பனைப் பார்க்கத் திரும்பினேன்.

தலை மட்டும் திரும்பியிருந்தால் பரவாயில்லை. ரைஃபிளும் கூடவே திரும்பிவிட்டது!

அடுத்த நொடி, ஹவில்தார் சாரின் கை பேரலைப் பிடித்துத் தரையோடு அழுத்தியது. அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்... “ஏன் தம்பி, சத்தம் கம்மின்னா சாவும் கம்மின்னு யாரு சொன்னது?”

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், அது என்னை அமெரிக்கா வரைக்கும் கூட்டிக்கொண்டு போனது. அங்கே ‘சத்தம் வராத தோட்டா’ என்றே தனியாக ஒரு சரக்கு கடையில் விற்கிறார்கள்!

வேலியில் ஓர் ஓட்டை

டெக்சாஸில் எம்.எஸ். படிக்கும் என் பெரியப்பா பையனுக்கு போன் போட்டேன். ஊருக்கு வெளியே வாடகை வீட்டில் இருக்கிறான். “பக்கத்து வீட்டுத் தாத்தா டெய்லி சாயங்காலம் கொல்லையில காலி டின்னை வச்சு சுடுவாருடா. மொத நாள் யாரோ கதவைத் தட்டுறாங்கன்னு நெனச்சுப் போய்த் திறந்தேன். அவ்ளோதான் சத்தம்!” என்று சிரித்தான்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு விஷயம் சொன்னான். ஒரு நாள் துணி காயப்போடப் போனபோது, மரவேலிப் பலகையில் இடுப்பு உயரத்துக்கு ஓர் ஓட்டை. உள்ளே பாதி நசுங்கிய ஈயக் குண்டு. டின்னுக்குப் பின்னால் கிடந்த கல்லில் பட்டுத் தெறித்து வந்திருக்கிறது. “எப்ப வந்துச்சுன்னே தெரியலடா. நான் வீட்டுலதான் இருந்தேன். எதுவுமே கேக்கல” என்றான். தாத்தா வந்து மன்னிப்பு கேட்டு, டின்களுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மண்மேடு போட்டாராம்.

எனக்கு ஹவில்தார் சார் ஞாபகம் வந்தார்.

சத்தம் எங்கேயிருந்து வருது?

மெக்கானிக்கல் படிக்கிறவனாச்சே, அடிப்படையிலிருந்தே ஆரம்பிப்போம். பாயின்ட் டூ டூ தோட்டாவை ‘ரிம்ஃபயர்’ என்பார்கள். பித்தளைக் கூட்டின் அடிவிளிம்புக்குள் தட்டினால் வெடிக்கும் ரசாயனம் இருக்கும். ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கும். பொறி பிறந்து, உள்ளே இருக்கும் பவுடர் எரியும். வாயு விரிந்து முன்னால் இருக்கும் ஈயக் குண்டைத் தள்ளும். மேட்டர் ஓவர்!

இதில் பெரிய சத்தங்கள் இரண்டு. ஒன்று, குண்டுக்குப் பின்னாலேயே பேரலின் வாயிலிருந்து பீய்ச்சி அடிக்கும் வாயு. சோடா பாட்டிலைத் திறந்தால் ‘புஸ்’ என்கிறதே, அதன் பெரியண்ணன். இரண்டாவது, ‘சோனிக் கிராக்’. ஒலியைவிட வேகமாகப் போகும் எதுவும் காற்றில் ஓர் அதிர்வலையை இழுத்துக்கொண்டே போகும். அது நம் காதில் சாட்டை அடித்த மாதிரி கேட்கும்.

20 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். சாதாரண அதிவேக பாயின்ட் டூ டூ குண்டு நொடிக்கு 375 மீட்டர் சுமாருக்குப் பறக்கும். ஆகவே, சாட்டையடி நிச்சயம். பவுடரைக் குறைத்து வேகத்தை ஒலிக்குக் கீழே இறக்கினால் சாட்டையடி காலி. இன்னும் குறைத்தால் ‘புஸ்’ஸும் அடங்கும். சத்தமில்லாத தோட்டாவின் ரகசியம் இவ்வளவுதான். புது கண்டுபிடிப்பே இல்லை, பவுடரில் சிக்கனம்!

இதில் ஒரு சின்ன சுவாரஸ்யம். ஒலியின் வேகம் வெயிலுக்கு ஏற்ப மாறும். 0 டிகிரியில் 331 மீட்டர். நம்மூர் 35 டிகிரியில் 352. அதாவது, நொடிக்கு 340 மீட்டர் போகும் ஒரு குண்டு, பனி கொட்டும் ஊரில் ‘சடார்’ என்று கத்தும், சென்னையில் கப்சிப்!

வரவேற்பறையில் பிறந்த குழந்தை

இந்த வகைத் தோட்டாவின் முதல் குழந்தையே சாதுதான். 1845-ல் பிரான்ஸில் ஃப்ளோபர் என்பவர், வெடிக்கும் மூடி ஒன்றின் மேல் குட்டி ஈயக் குண்டை உட்காரவைத்தார். பவுடரே கிடையாது. வீட்டு வரவேற்பறையில் கனவான்கள் குறிபார்த்து விளையாடுவதற்காகச் செய்தது அது! 1857-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் அதற்குள் பவுடரைப் போட்டு ‘ஷார்ட்’ ஆக்கியது. 1887-ல் ஸ்டீவன்ஸ் கம்பெனி ‘லாங் ரைஃபிள்’ ஆக்கியது. உலகம் முழுக்க இன்றும் ஓடுவது இதுதான்.

பிறகு சக்கரம் திரும்பியது. 2012-ல் அமெரிக்காவின் சி.சி.ஐ. நிறுவனம் ‘கொயட்-22’ என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. அதே 2.6 கிராம் குண்டு. வேகம் மட்டும் நொடிக்கு 216 மீட்டர். மெக்சிகோவின் ஆகிலா நிறுவனம் விற்கும் ‘கொலிப்ரி’ இன்னும் மோசம்... ஸாரி, இன்னும் சாது! 1.3 கிராம் குண்டு, பவுடரே இல்லை. ஃப்ளோபர் தாத்தா காலத்துக்கே போய்விட்டார்கள். ஆனால், அதை நீளமான ரைஃபிளில் போடாதே என்று எச்சரிக்கிறார்கள். தள்ள வாயு போதாமல் குண்டு பேரலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். ‘டப்’ என்று கேட்டதே, குண்டு போயிருக்கும் என்று நம்பி அடுத்ததைச் சுட்டால்? அடைத்த குழாய்க்குள் வெடி வைத்த கதைதான்.

குருவி மேல் கோபமா?

யார் வாங்குகிறார்கள்? கொல்லையில் காய்கறி போட்டிருப்பவர்கள், எலித் தொல்லையில் தவிக்கும் கோழிப்பண்ணைக்காரர்கள், டின் வைத்துக் குறிபார்க்கப் பழகுகிறவர்கள். அக்கம்பக்கத்தில் தூங்கும் குழந்தை எழக் கூடாது, நாய் மிரளக் கூடாது என்பதுதான் அவர்களின் கவலை.

சுடப்படும் பறவைகளின் பெயரைக் கேட்டால் நமக்குத் தூக்கிவாரிப்போடும். ஒன்று, நாம் பால்கனியில் கூடு கட்டிவைத்துக் கூப்பிடும் சிட்டுக்குருவி! 1850-களில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்னொன்று, நம்ம மைனாவின் உறவுக்காரப் பறவையான ஸ்டார்லிங். 1890-ல் சென்ட்ரல் பார்க்கில் திறந்துவிட்டார்கள். இரண்டும் பெருகி, உள்ளூர்ப் பறவைகளின் கூடுகளைப் பிடித்துக்கொண்டன. அவை வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை என்பதால், 1918-ம் ஆண்டின் பறவைப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காப்பாற்றுவதில்லை. ஓர் ஊரில் செல்லம், இன்னோர் ஊரில் வில்லன்!

அதற்காக அங்கேயும் யாரும் எங்கேயும் சுட்டுவிட முடியாது. பல நகரங்களில் எல்லைக்குள் துப்பாக்கி சுடவே தடை. ‘சத்தமே வரலையே’ என்பது சட்டத்துக்கு பதில் ஆகாது. நம்மூரில் கேட்கவே வேண்டாம். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் இந்தத் துப்பாக்கியைத் தொட்டால் கம்பிதான்.

ஸ்பின்னர் போட்ட பந்து!

சரி, ஹவில்தார் சார் கேள்விக்கு வருவோம். அரை எம்.வி. ஸ்கொயர் ஞாபகம் இருக்கா? பிளஸ் ஒன் பிசிக்ஸ்! கொயட்-22 குண்டின் எடை, வேகம் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். சுமார் 60 ஜூல். அதிவேகக் குண்டுக்கு 183 ஜூல். மூன்றில் ஒரு பங்குதானே என்று தோன்றும்.

60 ஜூல் என்றால் எவ்வளவு? 160 கிராம் கிரிக்கெட் பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதே அளவுதான். வேகமாகப் போடும் ஸ்பின்னரின் பந்து. அதுவே விலாவில் பட்டால் உட்கார்ந்துவிடுவோம். பந்தின் குறுக்களவு 7.2 சென்டிமீட்டர், குண்டுக்கு 5.6 மில்லிமீட்டர். அதாவது அதே அடி, சுமார் 165 மடங்கு சின்ன இடத்தில் இறங்குகிறது. பந்து கன்றிப்போக வைக்கும். குண்டு துளைக்கும்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. மெதுவான ஈயக் குண்டு, கல்லில் பட்டதும் பொடிப்பொடியாகச் சிதறாமல் முழுசாகத் தெறிக்கும். தண்ணீரின் மேல்கூட சில்லுக் கல் மாதிரி எகிறும். குறி தப்பினால், பல நூறு மீட்டர் தாண்டியும் போகும்.

யோசித்துப் பாருங்கள்... சத்தம் என்பது தொந்தரவு மட்டும் இல்லை, எச்சரிக்கையும்கூட! பெரிய வெடிச் சத்தம் கேட்டால் நாம் குனிவோம், குழந்தையை உள்ளே இழுப்போம். ‘டப்’ என்றால் கதவைத் திறக்கப் போவோம், என் அண்ணன் மாதிரி. சுடுகிறவனுக்கும் அதேதான். பெரிய சத்தம் வந்திருந்தால் நான் அன்று சிரித்துக்கொண்டே திரும்பியிருப்பேனா?

காதுக்கு நல்லதுதானே?

அதை மறுக்க முடியாது. 140 டெசிபலைத் தாண்டும் திடீர் சத்தம் காதை நிரந்தரமாகக் கெடுத்துவிடலாம். சாதாரண பாயின்ட் டூ டூ ரைஃபிளே அந்த எல்லையைத் தொடக்கூடியது. கொயட்-22 சுடுபவரின் காதருகே 68 டெசிபல்தான் என்கிறது அதன் நிறுவனம். ஆனால், கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துபோகும் சத்தத்தை எப்படி அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். பெட்டியில் போட்ட எண்ணை நம்பி காதுமூடியைத் தூக்கிப்போட வேண்டாம்.

மெதுவான குண்டுக்கு ஒலிம்பிக்கிலும் மரியாதை உண்டு. 50 மீட்டர் ரைஃபிளில் நடுவளையத்தின் குறுக்களவு வெறும் 10.4 மில்லிமீட்டர். வழியில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும் குண்டு லேசாகத் தடுமாறும். காற்றும் அதை அதிகமாகத் தள்ளும். அதனால் போட்டித் தோட்டாக்களை முதலிலிருந்தே ஒலிக்குக் கீழே, நொடிக்கு 330 மீட்டர் சுமாருக்குப் பறக்கும்படி செய்கிறார்கள். 2024 பாரிஸில் நம்ம ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளி எடுத்து வெண்கலம் வாங்கியது இந்தப் பிரிவின் ‘மூன்று நிலை’ போட்டியில்தான்.

கேடட்களே, நோட் பண்ணுங்க!

* எந்தத் துப்பாக்கியும் லோடு ஆகியிருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

* தலை எங்கே திரும்பினாலும் பேரல் டார்கெட் பக்கமே இருக்கட்டும்.

* டார்கெட்டைப் பார்ப்பதற்கு முன், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மண்மேடு ஓகே. கல், தண்ணீர் நோ!

* சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். கை தூக்கி இன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடுங்கள்.

அடுத்த கேம்ப்பில் மறுபடியும் அதே ஹவில்தார் சார். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, “என்ன தம்பி, பதில் கெடைச்சுதா?” என்றார். “கெடைச்சுது சார். கொறைஞ்சது சத்தம் மட்டும்தான்” என்றேன். ஒன்றும் சொல்லாமல் 5 ரவுண்டை எண்ணிக் கையில் கொடுத்தார்.

குப்புறப் படுத்தேன். சுட்டேன். இந்த முறையும் ‘டப்’தான். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

நான் திரும்பவே இல்லை!