சித்தூர் மண்ணில் எரிமலையின் வேர்கள்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் எரிமலை எதுவும் இல்லை. திருமலையின் ஏழு மலைகளும் எரிமலைகள் அல்ல. எரிமலையின் அடிப்பாகம் பூமிக்குள் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்கோ, இந்த வட்டாரம் மிகவும் ஏற்றது.

பல பத்து கிலோமீட்டர் ஆழத்தில் பாறை கடும் சூட்டில் இருந்தாலும் உருகுவதில்லை. மேலே உள்ள பாறைகளின் பாரம் அதை உருக விடாது. அந்தப் பாறை மெல்ல மேலே நகரும்போது பாரம் குறைந்து, ஒரு பகுதி குழம்பாகிறது. கடலடித் தட்டு ஒன்று மற்றொன்றின் கீழே செருகும் இடங்களில் நடப்பது வேறு. தட்டோடு இறங்கும் நீர், பாறை உருகத் தேவையான வெப்பத்தைக் குறைத்துவிடுகிறது. அந்தமான் கடலின் பாரன் தீவு இப்படிப் பிறந்தது. நெடுநாள் அடங்கிக் கிடந்து 1991இல் மீண்டும் வெடித்தது. இந்தியாவில் இன்று உயிரோடு இருக்கும் எரிமலை அது ஒன்றுதான்.

குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்தது, அதனால் மேலேறுகிறது. அதில் கரைந்திருக்கும் நீராவியும் கரியமில வாயுவும் வழியில் குமிழ் குமிழாகப் பிரியும். பிறகு நடப்பது குழம்பின் பதத்தைப் பொறுத்தது. சித்தூர்ப் பக்கம் கேழ்வரகுக் களி கிண்டுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரசம் கொதித்தால் குமிழ் சத்தமில்லாமல் போய்விடும். களி இறுகியதும் குமிழ் ‘டப்’பென்று வெடித்துக் கையைச் சுடும். சிலிக்கா குறைந்த பசால்ட் குழம்பு ரசம் போல ஓடிப் பரவுகிறது. சிலிக்கா மிகுந்தது களி போல வெடித்துச் சாம்பலைக் கக்குகிறது.

பரவும் குழம்பு நிலத்தையே மாற்றிவிடும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் அடுக்கடுக்காகப் பாய்ந்த லாவா, மேற்குத் தொடர்ச்சி மலையின் படிப்படியான முகடுகளைத் தந்தது. ஆந்திராவின் ராஜமகேந்திரவரம் அருகே காட்டேறு, பங்கிடி வரை அந்தக் கல் கிடக்கிறது. குப்பம் பக்கம் உள்ளது இன்னும் பழையது. கோலார் தங்கவயலின் பாறைப் பட்டை தெற்கே நீண்டு சித்தூர் மாவட்டத்தின் சிகரகுண்டா, பிசாநத்தம் வரை வருகிறது. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்புதான் இறுகி, உருமாறி அந்தப் பட்டையாயிற்று. அங்கே தங்கம் எடுத்ததும் அதற்குள்ளிருந்துதான்.

எல்லாக் குழம்பும் வெளியே வருவதில்லை. கிரானைட் தரை விரிசல் விட்டபோது அதில் புகுந்து அப்படியே உறைந்தவை ‘டைக்’ எனப்படும் கற்சுவர்கள். சித்தூர் வயல்களுக்கு நடுவே கிழக்கு மேற்காக வரிசை பிடித்துக் கிடக்கும் உருண்டைக் கரும்பாறைகள் இவையே. தென்னிந்தியாவில் இந்தத் திசையில் ஓடும் பெரிய சுவர்கள் சுமார் 237 கோடி ஆண்டு வயதுடையவை. சுவரின் ஓரத்துத் துண்டில் கனிம மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாக இருக்கும். குளிர்ந்த கிரானைட்டைத் தொட்டதும் குழம்பு சட்டென்று இறுகியதே காரணம். நடுவில் நிதானமாக ஆறியதால் அங்கே மணிகள் பெரிதாகத் தெரியும். டோலரைட் எனப்படும் இந்தக் கல்லைக் குவாரிகளில் வெட்டிப் பாலிஷ் போட்டு ‘பிளாக் கிரானைட்’ என்று விற்கிறார்கள். வியாபாரம் வைத்த பெயர் அது; கிரானைட்டுக்கும் அதற்கும் பிறப்பே வேறு.

இந்தச் சுவர்களுக்கு மேலே எரிமலைகள் இருந்திருந்தால், அவை கரைந்துபோய் எத்தனையோ யுகமாயிற்று. அந்த அரிப்பின் அளவைத் திருமலைச் சரிவில் காணலாம். கீழே 210 கோடி ஆண்டுக்கும் பழைய கிரானைட்டும், அதைத் துளைத்த டோலரைட் சுவர்களும். மேலே சுமார் 160 கோடி ஆண்டுக்கு முன் மணலாகப் படிந்து இறுகிய நகரி குவார்ட்சைட். இடையே பல பத்துக் கோடி ஆண்டுகளின் கணக்கு ஒரே கோட்டில் விடுபட்டுப் போயிருக்கிறது. கீழிருந்து வரும் டைக்குகள் அந்தக் கோட்டோடு நின்றுவிடுகின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

திருமலையின் சிலாதோரணமும் எரிமலையின் வேலை அல்ல. மழையும் காற்றும் குவார்ட்சைட்டைக் குடைந்து செய்த வளைவு. எரிமலையின் தடம் வேண்டுமென்றால், மலைப்பாதையில் பஸ் ஏறுபவர்கள் செங்குத்தான குவார்ட்சைட் பாறைக்குக் கீழேயுள்ள சரிவைப் பார்க்க வேண்டும்.