சீனக்குடாக் கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்போமா?

தம்பலகாமத்து வயல் வரம்பில் நின்று அண்ணாந்து பார்த்தால், குடாவுக்கு அந்தப்பக்கம் திருகோணமலைச் சீனக்குடாவில் இறங்கும் விமானம் தெரியும். எல்லோரும் விமானியைப் பற்றியே பேசுவார்கள். எனக்கோ அது இறங்கின பிறகு நடக்கிற வேலையை நினைத்தால்தான் தலைகால் புரியாத சந்தோஷம்! வாருங்கள், உள்ளே போவோம்.

2022 ஆகஸ்ட் 15 அன்று இந்தியக் கடற்படை இலங்கைக்குக் கொடுத்த டோனியர் 228 கடல் கண்காணிப்பு விமானத்தையே எடுத்துக்கொள்வோம். சீனக்குடாவில் இருக்கும் விமானப்படையின் கடல்சார் அணிக்குத்தான் அது வந்தது. அதற்காக இந்தியா போய் நான்கு மாதம் பயிற்சி பெற்ற 15 பேரில் விமானிகளோடு பொறியியல் அதிகாரிகளும் தொழில்நுட்பவியலாளர்களும் இருந்தார்கள். பார்த்தீர்களா, ஸ்பானர் பிடிக்கிறவர் இல்லாமல் விமானமே இல்லை!

படைத்தளபாடம் எதுவானாலும் திருத்தவேலை பொதுவாக மூன்று படிகளில் நடக்கும். முதற்படி ஓடுபாதை ஓரத்திலேயே முடிந்துவிடும். கடலுக்கு மேலே தாழப் பறந்துவிட்டு வரும் விமானத்துக்கு முதல் எதிரி உப்பு. நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். டயர், ஒயில் பார்க்க வேண்டும். சின்னக் கல் பட்ட வடுகூட இருக்கக் கூடாதென்று புரொப்பெல்லர் விளிம்பை விரலால் தடவித் தேட வேண்டும். கருவிப் பெட்டி ஒன்று வேலை செய்யாவிட்டால் அங்கேயே பிரித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். கழற்று, நல்லதை மாட்டு, பறக்க விடு!

கழற்றின பெட்டி போகிற இடம் பட்டறை. அது இரண்டாம் படி. இப்படியான பட்டறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கருவிப் பலகை. ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதனதன் வடிவத்திலேயே குழி வெட்டியிருக்கும். வேலை முடிந்தபின் ஒரு குழி வெறுமையாகக் கிடந்தால் விமானம் அசையாது. காணாமற்போன ஸ்பானர் இஞ்சினுக்குள் கிடந்தால் என்ன ஆவது? ஆகவே கிடைக்கும்வரை தேடல்தான்.

மூன்றாம் படியில் விமானத்தை எலும்பு தெரியக் கழற்றி, வெடிப்பும் துருவும் தேடுவார்கள். அதற்குப் பெரிய தளமும் அரிய இயந்திரங்களும் வேண்டும். ஆகவே வேலை ஆழமாக ஆக, விமானம் வீட்டைவிட்டுத் தூரமாகப் போகும். நம்முடைய டோனியரும் 2023 ஆகஸ்டில் வருடாந்தப் பராமரிப்புக்கென்று இந்தியாவுக்குப் போனது. பதிலுக்கு இன்னொரு டோனியர் வந்தது. ஒரு நாட்டின் படைபலத்தை அறிய விமானங்களை எண்ணுவதைவிட, எந்தப் படிவரை சொந்தக் கையால் திருத்தமுடிகிறது என்று கேட்பதே சரி.

இந்த மூன்றாம் படி கப்பல்களுக்கும் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று பிரித்தானியர் திருகோணமலையில் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள், மயிர்க்கூச்செறியும்! பம்பாயில் கட்டிய ராட்சத மிதக்கும் தளம். 50,000 தொன் தூக்கும். தொட்டிகளில் நீர் நிரப்பினால் தளம் அமிழும்; கப்பல் உள்ளே வரும்; நீரை இறைக்க இறைக்க, குளத்தில் முழுகிக்கிடந்த எருமை எழும்புவதுபோல் கப்பலை முதுகில் சுமந்துகொண்டு தளம் மேலே வரும்.

1944 ஆகஸ்ட் 8. உள்ளே நின்றது ‘வேலியன்ட்’ போர்க்கப்பல். இரண்டு வாரத்துக்கு முன்புதான் இந்தோனேசியாவின் சபாங்கில் ஜப்பானியரைத் தாக்கிவிட்டு வந்திருந்தது. வயிறு நிறைய வெடிபொருள். அந்தப் பாரத்துக்குப் பொருந்தாத வரிசையில் தொட்டிகளை இறைத்துவிட்டார்கள். தளத்தின் முதுகு முறிந்து, அது தண்ணீருக்குள் போனது. கொதிகலனில் நீராவி தயாராக இருந்ததால் வேலியன்ட் தானாகவே வெளியேறித் தப்பியது. ஆனால் உள்பக்கப் புரொப்பெல்லர்கள் இரண்டும், ஒரு சுக்கானும் இறுகிப்போயின. மணிக்கு எட்டுக் கடல்மைலுக்கு மேல் போகமுடியாமல் சூயஸ்வரை ஊர்ந்தது. சுக்கான் சரியில்லாமல் கால்வாய்க்குள் நுழையமுடியாது. அங்கே சுழியோடிகள் நீருக்கடியில் புரொப்பெல்லர் தண்டுகளை அறுத்துக் கடலடியில் விழவிட்டார்கள். நீருக்கடியில், எஃகை! அதன் பிறகே அது பிரித்தானியா திரும்பியது.

1916இல், முதலாம் உலகப்போரின் ஜட்லாந்துச் சமரைக் கண்ட கப்பல் அது. 1941இல் அலெக்சாந்திரியாவில் இத்தாலிய நீர்மூழ்கி வீரர்கள் அடியில் வெடிவைத்தும் திருத்தப்பட்டுக் களத்துக்குத் திரும்பியது. திருகோணமலையில் தொட்டிகளை இறைத்த வரிசை பிழைத்ததற்குப் பிறகு அது ஒரு சண்டைக்கும் போகவில்லை. 1948இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது.