மண்ணில் பிடித்த காளையும் தகட்டில் வெட்டிய காளையும்

ஏரிக்கரைகளிலும் சிறுவர் பூங்காக்களிலும் பள்ளி முற்றங்களிலும் விலங்குருவங்களை நிறுத்தும் வழக்கம் ஊராட்சிகளில் பரவி வருகின்றது. மான், ஒட்டகச்சிவிங்கி, வாயைப் பிளந்து குப்பையை ஏற்கும் பெங்குவின் ஆகியவை ஆயத்தமாகவே கடைகளில் விற்கப்படுகின்றன. இவற்றுள் பெங்குவினை நம் ஊரார் எவரும் நேரில் கண்டிலர். எனினும் மிகுதியாக நிற்பது அதுவே. நாம் அன்றாடம் பழகும் உழவுமாட்டையோ, பருத்திப்பட்டு ஏரிக்கு வரும் கூழைக்கடாவையோ நம் வட்டாரத்திலேயே செய்துகொள்ள இயலாதா என்று வினவினால், இயலும் என்பதே விடை. அதன் முறையை இங்கு விளக்குவோம்.

விலங்குருவம் சமைப்பது தமிழருக்குப் புதிய கலையன்று. மாமல்லபுரத்துப் பாறையில் ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் செதுக்கிய யானைகளும், தவம் புரியும் பூனையும் இன்றும் உள்ளன. புதுக்கோட்டைப் பக்கத்தில் வேளார்கள் ஐயனாருக்குச் செய்யும் மண்குதிரை மற்றொரு வகைத் திறன். களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து பிசைந்து, முதலில் நான்கு கால்களையும் உருளையாக எழுப்பி, அவை சற்று இறுகியபின் வயிற்றையும் கழுத்தையும் படிப்படியாக ஏற்றுவர். உள்ளே கூடாக இருப்பதனால்தான் அத்துணைப் பெரிய உருவம் சூளையில் வெடியாமல் வேகின்றது.

இப்பக்கத்திலோ கைத்திறன் வேறு வழியில் வளர்ந்தது. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டையும் தோன்றிய பின்னர், தகடு வெட்டுவோரும் அச்சு செய்வோரும் பற்றவைப்போரும் இங்குப் பெருகினர். குயவரின் கண்ணும் இப்பட்டறைகளின் இயந்திரமும் ஒன்றுசேரின் நல்ல விலங்குருவம் கிடைக்கும். இயந்திரம் அளவைப் பிசகாது காக்கும். ஆனால் காளை எவ்வாறு தலையைச் சாய்த்து நிற்கும் என்பதை அது அறியாது. ஆகவே குயவரிடம் தொடங்குவதே முறை.

ஓர் அடி நீளமுள்ள காளையைக் களிமண்ணில் அவர் பிடித்துத் தரட்டும். அதனை நிழலில் உலர்த்தி ஒரு மேசைமீது வைத்து, சுற்றிலும் மேலும் கீழுமாக அறுபது முதல் நூறு படங்கள் கைப்பேசியிலேயே எடுக்கலாம். ஒவ்வொரு படமும் முந்திய படத்தில் பாதிக்கு மேற்பட்ட பகுதியைத் தன்னுள் கொண்டிருக்க வேண்டும். உயிருள்ள மாட்டையே படமெடுக்கலாமே என்பர் சிலர். அது வாலை அசைக்காமல் நூறு படங்களுக்கு நிற்குமாயின் எடுக்கலாம். இப்படங்களை ஒப்பிட்டு, கணிப்பொறி அவ்வுருவத்தின்மீது ஒரு மீன்வலையைப் போர்த்தியதுபோன்ற வடிவத்தை அமைக்கின்றது. வலையின் ஒவ்வொரு முடிச்சுக்கும் நீளம், அகலம், உயரம் என மூன்று எண்கள் உண்டு. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலையை மடித்து உறுப்பளவுகளைக் குறிப்பதும் இத்தகையதே. இங்கு ஓலைக்கு மாறாக எண்கள். வலையைத் திருத்துவதற்கு 2002 முதல் இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்னும் மென்பொருளே போதும்.

எண்களைக் கொண்டு இயந்திரத்தை ஓட்டும் முறை 1952-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு மில்லிங் இயந்திரத்தில் செய்து காட்டப்பட்டது. அதன் வழிவந்த சி.என்.சி. இயந்திரங்களும் லேசர் வெட்டுப் பொறிகளும் இன்று பட்டறைகளில் இயல்பாக உள்ளன. கணிப்பொறியில் உள்ள காளையை ரொட்டியை அரிவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகத் துண்டமிட்டு, அத்துண்டங்களின் வடிவை இரும்புத் தகட்டில் வெட்டி, காடிகளில் ஒன்றையொன்று கோத்து நிறுத்துவது ஒரு முறை. மேற்பரப்பை விரித்துத் தகடுகளாக வெட்டி மடித்துப் பற்றவைப்பது மற்றொன்று. தெர்மாக்கோல் கட்டியைக் குடைந்து அதன்மேல் பைபர் பூசுவதும் உண்டு. முப்பரிமாண அச்சுப்பொறி ஓர் இழைப் பிளாஸ்டிக்கை 0.2 மில்லிமீட்டர் தடிப்பில் அடுக்கடுக்காக இடுகின்றது. 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு 1,500 அடுக்குகள் ஆகும். இவ்விழை பெரும்பாலும் மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றிலிருந்து வருவது என்பது உழவர்க்கு மகிழ்ச்சி தரலாம். ஆனால் ஏறத்தாழ 60 டிகிரி வெப்பத்தில் இளகிவிடும். சித்திரை வெயிலில் நிற்கவேண்டிய உருவத்துக்கு அது உதவாது. மாதிரி செய்து பார்ப்பதற்கு மட்டும் கொள்க.

விலைப்புள்ளி கேட்குமுன் ஒரு கணக்கை உறுப்பினர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். ஓரடிக் காளையை ஆறடியாக்கினால் மேற்பரப்பு ஆறு மடங்காவதில்லை, 36 மடங்காகும். பருமனோ 216 மடங்காகும். மூன்று கிலோ களிமண் மாதிரியை உள்ளே கூடின்றி ஆறடிக்குச் செய்தால் 648 கிலோ ஆகிவிடும். கூடாகச் செய்தால் மேற்பரப்புக்கு மட்டுமே பொருள் வேண்டும். ஆறடிக் காளையின் மேற்பரப்பை ஏறத்தாழ ஐந்து சதுர மீட்டர் எனக் கொள்ளலாம். 2 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 15.7 கிலோ, ஆகத் தகட்டின் எடை 80 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உட்சட்டமும் வெட்டுக்கழிவும் தனி. "ஒரு காளைக்கு இவ்வளவு" என்று மொத்தமாக எழுதித் தருபவரிடம் எடையையும் தகட்டின் தடிப்பையும் எழுதி வாங்குதல் நன்று.

குழந்தைகள் அதன்மேல் ஏறுவர். ஏறாதே என்று பலகை வைப்பதனால் பயனில்லை. எனவே விளிம்புகளை மழுக்கி, கால்களைக் கான்கிரீட் அடித்தளத்தில் போல்ட்டு கொண்டு இறுக்கி, துத்தநாகப் பூச்சு அளித்தபின் வண்ணம் பூசவேண்டும். வயிற்றின் அடியில் நீர் வடியத் துளை இல்லாவிடில் துரு உள்ளிருந்தே தின்றுவிடும்.

இத்தொழிலைக் கற்க விரும்பும் சிற்றூர் இளைஞருக்கு வாய்ப்பு உண்டு. மாநிலத்தில் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து தொழில் 4.0 மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்டன. குயவர்களுக்கும் ஒரு செய்தி: ஏரி, குளங்களில் களிமண்ணை வட்டாட்சியரின் அனுமதியுடன் கட்டணமின்றி எடுக்கும் முறை 2024-இல் எளிதாக்கப்பட்டது.

இனி உடன்படிக்கை. 2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது, வேட்டி சட்டை அணிந்த "தம்பி" என்னும் குதிரை சென்னையில் பல இடங்களில் நின்றதை யாவரும் கண்டோம். ஒரு வடிவம் அமைந்துவிட்டால் அதனை எத்தனை முறையும் படியெடுக்கலாம் என்பதே இம்முறையின் ஆற்றலும் சிக்கலும் ஆகும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி சிற்பம் ஒரு கலைப்படைப்பு. ஆதலால் குயவருக்கு மாதிரிக்குரிய கூலியைத் தருவதோடு, பின்னர்ப் படியெடுத்தால் அவருக்குச் சேரவேண்டியது எவ்வளவு என்பதையும் முன்னரே எழுதிக்கொள்க. அவ்வாறே பட்டறையிடம் உருவத்தை மட்டும் பெற்று வராமல், எஸ்.டி.எல். கோப்பையும் தகடு வெட்டும் டி.எக்ஸ்.எஃப். கோப்பையும் ஒப்படைக்க வேண்டும் என்று விலைப்புள்ளியிலேயே குறிப்பிடுதல் வேண்டும். ஒரு படி ஒன்றிய அலுவலகக் கணிப்பொறியிலும், மற்றொன்று ஊராட்சி அலமாரியிலும் இருக்கட்டும். கொம்பு உடைந்த நாளில் அக்கொம்புக்குரிய தகட்டை மட்டும் வெட்டுவித்துப் பற்றவைத்துக்கொள்ளலாம்.