லட்ச தீபம்: ஒரு சின்னக் கணக்கு

தை அமாவாசை காலையில் பாபநாசம் படித்துறையில் நிற்க இடம் கிடைக்காது. தாமிரபரணியில் முங்கி, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்துட்டு, பலர் சாயங்காலம் திருநெல்வேலிக்கு பஸ் ஏறிடுவாங்க. நெல்லையப்பர் கோயிலில் அன்று பத்ர தீபம். ஆறு வருஷத்துக்கு ஒரு முறை அதுவே லட்ச தீபமாகிறது.

ஒரு லட்சம் அகலை யார் ஏற்றுவது? ஒரு திரியில் சுடர் பிடிக்க 10 விநாடி என்று வையுங்கள். ஒரே ஆள் ஏற்றினால் 10 லட்சம் விநாடி. ராத்திரி பகலாக ஏற்றினாலும் 11 நாளுக்கு மேல். அதுக்குள்ள முதல் விளக்கு எப்பவோ அணைஞ்சிருக்கும்! அரை மணி நேரத்தில் முடிக்கணும்னா ஏறக்குறைய 560 பேர் வேணும். எண்ணெய், அகலுக்கு 10 மில்லி என்றாலே 1,000 லிட்டர். காற்றில் அணைவதைத் திரும்ப ஏற்றுவது தனி.

கோயில் பணியாளர்களால் மட்டும் ஆகிற காரியமில்லை இது. கோலம் போடுகிறவர்கள், திரி திரிக்கும் ஆச்சிமார், பக்கத்தில் நிற்கும் முகம் தெரியாதவரின் விளக்கிலிருந்து நெருப்பு வாங்கும் பிள்ளைகள், எல்லோரும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். சீரியல் பல்பு என்றால் சுவிட்சைத் தட்டினா முடிஞ்சது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பொதிகை மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலும் இதே ஆறு வருஷக் கணக்குதான். 1750-இல் மார்த்தாண்ட வர்மா காலத்தில் தொடங்கியது. 56 நாள் முறைஜபம் முடிந்து, மகர சங்கராந்தியன்று ஏற்றுகிறார்கள். இப்போது அங்கே எண்ணெய் விளக்கோடு மின்விளக்கும் சேர்ந்தாச்சு. எனக்கென்னவோ அகல் பக்கம்தான் சாய்வு.