லோகோ கூட வராத லேப்டாப்பை ஃபார்மேட் செய்ய விடாதீர்கள்

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் தன் பத்து வருடப் பழைய லேப்டாப்பை ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தார். பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், திரை கறுப்பாகவே கிடக்கும். மூன்றாம் நாள், "புதுசா விண்டோஸ் போட்டாச்சுக்கா, நல்லா ஓடுது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஓடத்தான் செய்தது. நான்கு வருடக் கணக்கும் வாடிக்கையாளர்களின் அளவுக் குறிப்புகளும் மட்டும் உள்ளே இல்லை. "முக்கியமானது இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றார் கடைக்காரர். அக்கா சொல்லியிருந்தார். அதற்கு அத்தாட்சிதான் இல்லை. அவர் கையிலிருந்த துண்டுச் சீட்டில் ஒரு போன் நம்பரும் "ஆன் இல்ல" என்ற இரண்டு சொற்களும் மட்டுமே இருந்தன.

இதே கதையை வேறு வேறு வீடுகளில் கேட்டு அலுத்துவிட்டது. பட்டனை அழுத்தியதும் கம்பெனியின் லோகோ கூடத் திரையில் வரவில்லையென்றால், அந்தக் கோளாறுக்கும் விண்டோஸுக்கும் சம்பந்தமே கிடையாது. விண்டோஸ் அதற்குப் பிறகுதான் ஹார்ட் டிஸ்கிலிருந்து எழுந்து வரும். லோகோ வராத மெஷினுக்கு "ஃபார்மேட் பண்ணணும்" என்று ஒருவர் சொன்னால், மெஷினைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். லோகோ வந்து அதன்பின் நின்றாலும், உள்ளிருப்பதை நகலெடுத்த பிறகுதான் ஃபார்மேட் பேச்சே வர வேண்டும்.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ பேட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். அது தீப்பிடிக்கக்கூடிய பொருள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது. மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

வீக்கம் இல்லையென்றால் சார்ஜரைப் பிடுங்குங்கள். கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் போடுங்கள். தேங்கி நின்ற மின்சாரம் வடிந்ததும் எழுந்துகொள்ளும் மெஷின்கள் நிறைய. விளக்கே எரியவில்லையென்றால் சார்ஜர் மேல் சந்தேகப்படுங்கள். வேறு சார்ஜர் போடுவதாக இருந்தால் வோல்ட் அளவு பழையதோடு ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் பழையதைவிடக் குறையக்கூடாது. பிஐஎஸ் முத்திரையும் அதன்கீழ் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாத மலிவு சார்ஜர் வேண்டவே வேண்டாம்.

விளக்கு எரிந்து திரை மட்டும் இருண்டிருந்தால், அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சாய்வாகத் திரைமேல் அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் மெஷின் உயிரோடுதான் இருக்கிறது. திரையின் பின்விளக்குதான் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்தும் இதைச் சரிபார்க்கலாம். எதுவுமே தெரியாவிட்டால் ராம் சரியாக உட்காராமல் இருக்கலாம். மின்சாரமும் பேட்டரியும் இல்லாத நிலையில் அடிமூடியைத் திறந்து, இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கினால் ராம் தானாகச் சாய்ந்து எழும். அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்த்துத் துகளை ஊதிவிட்டு, 'டக்'கென்று சத்தம் வரும்வரை மறுபடி அழுத்துங்கள். அக்காவின் மெஷினுக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான் என்று நம்புகிறேன்.

இதற்கும் மசியாவிட்டால் கடைக்குப் போங்கள். ஆனால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். அந்த ரசீதில் மாடல் பெயர், சீரியல் எண், ராம் எத்தனை ஜிபி, ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜிபி, கோளாறு என்ன, கடையின் பெயரும் முகவரியும், தேதி, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே உங்கள் கைப்பட ஒரு வரி: "உள்ளிருக்கும் தகவல்களை என் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அழிக்கக்கூடாது, செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்." கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அதே வாசகத்தை அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு, ஒப்புக்கொண்டு பதில் வந்த பிறகு மெஷினை ஒப்படையுங்கள். மெஷினின் முன்பக்கம், பின்பக்கம், சீரியல் எண் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். ஆன் ஆகாத மெஷினுக்கு அது எதற்கு?

இதைவிடப் பத்திரமான வழி, ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மெஷினை மட்டும் கொடுப்பது. பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் இரண்டரை இன்ச் சாட்டா டிஸ்க்தான் இருக்கும். அதற்கான யுஎஸ்பி கேஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் செருகினால் படம், கணக்கு, சான்றிதழ் எல்லாவற்றையும் நகலெடுத்துவிடலாம். பிட்லாக்கர் பூட்டு கேட்டால் 48 இலக்கச் சாவி வேண்டும். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே அது சேமிக்கப்பட்டிருக்கும். டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தால் மீட்கக்கூடியதும் அழிந்துபோகும்.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டால் "போனது போகட்டும்" என்று விடுவதுதான் நம் பழக்கம். விடாதீர்கள். பில் தர மறுப்பதும், நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலைப் பிறரிடம் வெளியிடுவதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறைகள். கேட்காமல் தகவல்களை அழித்ததைச் சேவைக் குறைபாடு என்று சொல்லி வழக்காடலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அங்கே சமரசத்துக்கு முயல்வார்கள், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அங்கே தீராவிட்டால், கடைக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். கடை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ரசீது, பணம் கட்டிய சான்று, வாட்ஸ்அப் உரையாடல், நோட்டீஸ் நகல் ஆகியவற்றை இணையுங்கள். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

தையல்கார அக்காவிடம் இப்போதும் அந்தத் துண்டுச் சீட்டு இருக்கிறது. அதில் தேதி இல்லை, கடைப் பெயரும் இல்லை. கூகுள் பேயில் 1,200 ரூபாய் அனுப்பிய பதிவு மட்டும் அவர் போனில் இருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து, நோட்டீஸில் அந்தத் தேதியை எழுதிக்கொண்டிருக்கிறோம்.